ஊற்றிக் கொடுத்தவர் குடிக்கவில்லையே!

வகுப்பறையிலே ஒரு நாள், வள்ளுவரின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பத்துக் குறளையும் படித்துக் காட்டினேன், பொருள் சொன்னேன், குடியால் குலைந்த குடும்பங்களை எடுத்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடத்திவிட்டோம் என்ற நினைப்பிலே சற்று நிமிர்ந்தும் நின்றேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

“சார், பத்துக் குறளும் குடிக்கிறவரைத்தான் ஏசுது. ஊத்திக் கொடுத்தவரை ஒண்ணுமே சொல்லலையே! அவரு குடிக்கலை. அவரு தெளிவாத்தானே இருந்தாரு?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் மீனவர் ஊர். விசைப்படகுகள் இங்கே நாள்தோறும் கடலுக்குச் செல்வதில்லை; நாட்டுப்படகுகளோடு முறை பங்கிட்டுக்கொண்டு வாரத்தில் மூன்று நாள்தான் செல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் படகுகள் கரையிலேயே கிடக்கும். மற்ற நாட்களிலும் காற்று உண்டு, கடல் சீற்றம் உண்டு, இலங்கைக் கடற்படை உண்டு. இத்தனையும் தாண்டிக் கரை சேர்ந்த படகிலே மீன்பாடு இருந்தால் அன்று ஏலம் நடக்கும், கணக்கு முடியும், கைக்குக் கூலி வரும். உப்புக் காற்றிலே விழித்துக் கிடந்த கண்ணும், வலை இழுத்துக் காய்த்துப் போன கையும், மடியிலே பணமும்! இதுதான் எங்கள் உழைப்பாளியின் கூலி நாள்.

அப்படியொரு கூலி நாளிலே, அச்சிறுவனின் தந்தை நண்பர் மூவருடன் இருசக்கர வண்டிகளில் நகரம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே உரிமம் பெற்ற தனியார் மதுக்கூடம் ஒன்று. வாயிலிலே அன்று ஒரு சலுகை: குறித்த நேரத்துக்குள் இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்! இரண்டு குடித்துவிட்டுத் திரும்புவது என்று பேசிக்கொண்டு போனவர்தாம் அவர். இரண்டு குடித்தார். மூன்றாவது கேளாமலே வந்தது. மூன்றாவது வந்த பிறகு நான்காவதைக் கேட்டவர் யார் என்பது அவருக்கே நினைவில்லை. திரும்பும் வழியிலே வண்டி சாய்ந்தது. தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் அவர் படகேறவில்லை. தாய் கருவாட்டுக் கூடையைத் தலையிலே சுமந்தார். மகன் விடியுமுன் ஏலக் கரையிலே மீன் பிரித்துவிட்டு, கையிலே செதிள் ஒட்டியிருக்கப் பள்ளிக்கு வந்தான். அந்தக் கை உயர்ந்துதான் அன்று கேள்வி கேட்டது.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நம்மிடம் என்ன விடை இருக்கிறது?

ஆயத்தமாக மூன்று விடைகள் நாட்டிலே உலவுகின்றன. முதலாவது, “தலைவிதி” என்பது. மதுக்கூடத்தின் வாயிலிலே சலுகைப் பலகையை எழுதி மாட்டியது பிரம்மன் அல்லன். சம்பளம் வாங்கும் ஓவியன். விதியைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாவது விடை, “குடித்தவனுக்கு அறிவு எங்கே போயிற்று?” என்பது. இது கேட்பதற்கு அறவுரை போலவே இருக்கும். தவறும் அன்று, குடித்தவருக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், குடிவெறியிலே குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த பழஞ்சட்டத்தைக் குறிப்பிட்டு அதற்குக் காரணமும் கூறினார்: குடிக்காமல் இருக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது, ஆகவே அறியாமையைத் தானே தேடிக்கொண்டான்.

நல்ல காரணம். ஆனால் எந்தக் கோப்பைக்கு அது பொருந்தும்? முதல் கோப்பைக்கு முழுதும் பொருந்தும். இரண்டாவதற்கும் ஓரளவு பொருந்தும். மூன்றாவது கோப்பையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய அறிவுதானே முதல் இரண்டு கோப்பைகளிலே கரைந்துகொண்டிருக்கிறது! துணிக்கடையிலே இரண்டு வேட்டி வாங்கியவனுக்கு மூன்றாவது இலவசம் என்றால், மூன்றாவதைப் பார்க்கும் கண் முதல் வேட்டியைப் பார்த்த கண்தான். மதுக்கூடத்திலே அப்படி அன்று. விற்கும் பொருளே, வாங்குபவனின் அளந்தறியும் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. உலகிலே விற்பனையாகும் பொருள்களுள் இத்தன்மை உடையவை மிகச் சில.

உடலியல் இதனைத் தெளிவாகவே சொல்கிறது. உட்சென்ற மது இரத்தத்திலே கலந்து உச்சம் எய்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். கல்லீரலோ அதனை மெல்லத்தான் எரித்துத் தீர்க்கும். அவசரப்படுத்தினால் அஃது ஓடாது. ஆகவே, இரண்டாவது கோப்பையின் விளைவை உணருமுன்பே மூன்றாவதைக் கையிலே கொடுத்துவிட்டால், குடிப்பவன் தான் நிதானத்தில் இருப்பதாகவே எண்ணுவான். ‘ஹேப்பி அவர்’ என்று பெயர் சூட்டி, மணி அடிப்பதற்குள் குடித்து முடி என்று சொல்வது, இந்த இடைவெளியைப் பணமாக்கும் தந்திரமே அன்றி வேறென்ன?

மூன்றாவது விடை, உரிமை பேசுவோர் தருவது. “வயது வந்தவன் அவன், அவன் பணம், அவன் உடல், அவன் விருப்பம். இடையிலே நுழைய நீ யார்?” என்பர். இக்குரலை நான் மதிக்கிறேன். பகுத்தறிவாளன் மற்றவனுக்குக் காவலனாக வந்து நிற்பவன் அல்லன். நரகத்தைக் காட்டி மிரட்டுவது நம் முறை அன்று. பழந்தமிழர் கள்ளே அறியாதவர் என்று பொய்ப்பெருமை பேசுவதும் நம் முறை அன்று. அதியமான் தந்த கள்ளை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றிலே இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் உரிமைக்கு இலக்கணம் வகுத்தவர்களையே கேட்போம். தனி மனிதனின் உரிமையை ஜான் ஸ்டூவர்ட் மில் போல் வாதாடியவர் அரியர். மதுவிலக்கை அவர் கடுமையாக எதிர்த்தார். அவரே, 1859இல் வெளிவந்த தம் நூலிலே, குடிப்பவனை ஒருபுறமும் விற்பவனை மறுபுறமும் நிறுத்திப் பார்க்கிறார். மிகைக்குடியைப் பெருக்குவதிலே விற்பவனுக்கு ஆதாயம் இருக்கிறது. அந்த ஆதாயம் உண்மையான தீங்கு. ஆகவே அவன்மீது அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது அவர் கருத்து. விடுதலைக்கு வாதாடியவரே ஒப்பிய கட்டுப்பாடு இது. குடிப்பவனின் உரிமை என்னும் குடையின்கீழ் விற்பவனின் ஆதாயமும் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறது. குடை ஒருவனுக்குத்தான்.

அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புத்தர் இதை நினைத்திருக்கிறார். மயக்கும் பொருளை உண்ணாதே என்பது ஐந்தொழுக்கங்களுள் ஒன்று. அத்துடன், இல்லறத்தார் செய்யத் தகாத வாணிகங்கள் ஐந்து என்று எண்ணியபோது, படைக்கலமும் நஞ்சும் விற்பதோடு மயக்கும் பொருளை விற்பதையும் சேர்த்துச் சொன்னார். வள்ளுவரோ பணம் கொடுத்து அறியாமையைக் கொள்பவனைக் கண்டித்தார்; விற்பவன் பக்கம் அந்த அதிகாரத்திலே திரும்பவில்லை. ஜெகதாப்பட்டினத்துச் சிறுவன் சுட்டிக் காட்டியது அந்த வெற்றிடத்தைத்தான்.

அவன் கேள்வியின் உட்பொருள் இது: இருவர் எதிரெதிரே இருக்கின்றனர். ஒருவரின் தெளிவு கோப்பைக்குக் கோப்பை குறைகிறது. மற்றவரின் தெளிவு குறையவில்லை. அவர் கணக்கு எழுதுகிறார், அளக்கிறார், காசு எண்ணுகிறார். அப்படியானால் பொறுப்பு எவரிடம் கூடிக்கொண்டே போக வேண்டும்? தெளிவு எவரிடம் இருக்கிறதோ அவரிடம்! இதை அறநெறி என்றும் சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். படகிலே கடல் அறிந்த ஓட்டியிடம் சுக்கானைக் கொடுக்கிறோம். தூங்கி வழிபவனிடம் கொடுப்பதில்லை.

நம் சட்டமோ சுக்கானைத் தூங்குபவனிடமே விட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்திலே 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்க வண்டி ஓட்டினால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் தண்டம், சிறையும் உண்டு. முறையான சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் சாலையிலே குழலை ஊதச் சொல்லும் சட்டம், மதுக்கூடத்தின் உள்ளே இலவசக் கோப்பையை நீட்டிய கையைப் பிடித்து, “இவர் வண்டியில் வந்தவர் என்று தெரியுமா?” என்று கேட்டதாக நான் அறியேன்.

வெளிநாடுகள் சில கேட்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1984இலேயே குறித்த நேர மலிவு விற்பனையைத் தடை செய்தது. அயர்லாந்து 2003இல் அவ்வாறே செய்தது. ஸ்காட்லாந்திலே 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2009இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு மது வாங்கினால் மற்றொன்று இலவசம் என்பதை அது ‘பொறுப்பற்ற விளம்பரம்’ என்று பெயரிட்டே தடுத்தது; மது விலையை மாற்றினால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் மாற்றக் கூடாது என்றும் விதித்தது. நேரத்துக்கு ஒரு விலை என்னும் வலை அதனால் அறுந்தது. இங்கிலாந்தும் வேல்சும் 2010இல் உரிமத்தோடு கட்டாய நிபந்தனைகளைப் பிணைத்தன: குடிப் பந்தயம் நடத்தாதே, ஒருவர் வாயிலே மற்றவர் மதுவை ஊற்றாதே, கேட்பவருக்குக் குடிநீரை விலையின்றிக் கொடு, சிறிய அளவிலும் மது கிடைக்கச் செய். இந்நாடுகள் குடியை ஒழித்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. விற்பதற்கு இசைவு தருவது வேறு, விழுங்கு விழுங்கு என்று தூண்டுவதற்கு இசைவு தருவது வேறு என்று கண்டுகொண்டன. அவ்வளவுதான். அவ்வளவு பெரிது!

நம் நாட்டிலே இந்த வேறுபாடு அறியப்படாததன்று. 1951இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பற்றிய பால்சாரா வழக்கிலே, மதுவைப் புகழ்ந்து பேசுவதையே குற்றமாக்கிய பகுதி பேச்சுரிமைக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. நான் அத்தீர்ப்பை வரவேற்கிறேன். கவிஞன் கள்ளைப் பாடட்டும். கருத்துக்கு விலங்கு வேண்டா. ஆனால், கடைக்காரன் ‘இரண்டுக்கு ஒன்று இலவசம்’ என்று எழுதுவது கருத்தும் அன்று, கவிதையும் அன்று. தூண்டிலிலே கோத்த இரை. தொலைக்காட்சியில் மது விளம்பரம் கூடாதென்று விதி இருக்கிறது. அதே பெயரைச் சோடாவுக்கும் குடிநீர்ப் புட்டிக்கும் இசைத் தட்டுக்கும் சூட்டி, வாயில் வழி மறுக்கப்பட்டது பலகணி வழி நுழைகிறது.

தலைநகரிலே நடந்ததையும் பாருங்கள். தில்லியில் 2021 நவம்பரில் புதிய மதுக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. விற்பனை தனியார் கைக்குச் சென்றது. கடைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்தன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூவின. கூட்டம் தெருவை அடைத்தது. 2022 பிப்ரவரி இறுதியில் தள்ளுபடிகள் தடுக்கப்பட்டன. ஏப்ரலில் 25 விழுக்காடு வரை தள்ளுபடி தரலாம் என்று மீண்டும் விடப்பட்டது. செப்டம்பரில் அக்கொள்கையே போய்ப் பழைய முறை வந்தது. சில மாதங்களில் தடையும் இசைவும் மாறி மாறி வந்தன. ஏன்? கூட்டத்தையும் வருவாயையும் சந்தையையும் பார்த்தார்கள். குடிப்பவனின் தெளிவு எத்தனையாவது கோப்பையில் மறைகிறது என்பதை அடிப்படையாகக் கொள்ளவில்லை. கொள்கைக்குள் கொள்கை இல்லாவிட்டால் இப்படித்தான் ஆடும்.

“தமிழ்நாட்டிலே விற்பது அரசே ஆயிற்றே, அரசு விளம்பரம் செய்வதில்லையே” என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை காண்போம். 1937இல் இராசாசி அமைச்சரவை சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் ஓமந்தூரார் காலத்தில் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசின் வாணிகக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றியது. 2003இல் செயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. எந்தக் கட்சியையும் தனியே கூண்டில் ஏற்ற நான் இதனைச் சொல்லவில்லை. ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை. 2023-24ஆம் ஆண்டிலே மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

அக்கடைகளிலே வண்ண விளக்கு இல்லை. இலவசக் கோப்பை இல்லை. உண்மை. அப்படியானால் விளம்பரமே இல்லையா? கூலி வாங்கியவன் வீடு திரும்பும் வழியிலே கடை இருந்தால், அந்த இடமே விளம்பரம்! இதனை அரசும் அறியும். அறிந்ததனால்தான் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என 2003ஆம் ஆண்டு விதிகளிலே எழுதியது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்காதே என்றது. 2016இல் கடை திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குத் தள்ளியது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடியது. இடமும் நேரமும் எண்ணிக்கையும் மனிதனைத் தூண்டுகின்றன என்ற ஒப்புதல் வாக்குமூலம் அன்றோ இவை?

புட்டியின்மேல் இருக்கும் எழுத்தையும் படியுங்கள். முன்னாளில், மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று நம் மாநிலத்துப் புட்டிகளிலே இருந்தது. 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னர், மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு, அருந்திவிட்டு வண்டி ஓட்டாதீர் என்பது நாடு முழுவதற்கும் உரிய வாசகமாயிற்று. இரண்டும் உண்மையே. ஆனால் முன்னதில் ‘வீடு’ இருந்தது. பின்னதில் குடிப்பவனும் அவன் உடலும் அவன் வண்டியும் மட்டுமே நிற்கின்றனர். தாயின் தலையிலே ஏறிய கருவாட்டுக் கூடை எந்தச் சொல்லில் அடங்கும்? விற்றவனின் பெயர் எந்தச் சொல்லில் வரும்?

“இவ்வளவு சொல்லும் நீ, முழு மதுவிலக்கையே கேட்டுவிடலாமே?” என்பார் ஒரு தோழர். அந்த விருப்பத்தின் தூய்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூரிலே, நச்சுச் சாராயம் உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசுக் கடைகள் திறந்திருந்தபோதே இந்த நிலை. கடைகளை எல்லாம் ஒரே நாளில் மூடிவிட்டால் அந்த நஞ்சு எத்தனை குப்பங்களுக்கு நடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதுவிலக்கு வேண்டுமா என்பது பெரிய வழக்கு, அது நடக்கட்டும். அத்தீர்ப்பு வரும்வரை மூன்றாவது கோப்பை இலவசமாக ஊற்றப்பட வேண்டும் என்று எவன் சொன்னான்? பெரிய வினாவைக் காட்டிச் சிறிய கடமையைத் தட்டிக் கழிப்பது ஆளவந்தாருக்கும் எளிது, அறவுரையாளருக்கும் எளிது.

ஆகவே நாம் கேட்பவை இவை. உரிமம் பெற்ற இடம் எதுவாயினும், கூலிக்காரன் நிற்கும் கூடமாயினும், ‘மகளிர்க்கு இலவசம்’ என்று அழைக்கும் விண்மீன் விடுதியாயினும், அளவு கூடக்கூட விலை குறையும் சலுகை கூடாது. மணிக் கணக்கு வைத்து மலிவு விற்பனை கூடாது. குடிநீர் விலையின்றிக் கிடைக்க வேண்டும். நிதானம் இழந்தவருக்கு மேலும் ஊற்ற மறுப்பது பணியாளின் கடமையாகவும், அப்படி மறுத்ததற்காக அவர் வேலை இழக்காதபடி அவரது உரிமையாகவும் ஆக்கப்பட வேண்டும். ஊற்றும் கையும் உழைப்பாளியின் கைதான். ஊற்றச் சொல்லும் ஆதாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. விதி மீறினால் தண்டம் அந்த ஆதாயத்தின்மேல், உரிமத்தின்மேல் விழ வேண்டும். எல்லோர்க்கும் ஒரே விதி. மாளிகைக்கு ஒன்று, மண்குடிசைக்கு ஒன்று அன்று.

இவை குடிப்பவனின் உரிமையைப் பறிப்பவை அல்ல. காசு கொடுத்துக் கேட்பவனுக்கு இரண்டாவது கோப்பையும் கிடைக்கும், மூன்றாவதும் கிடைக்கும். கேளாதபோது வந்து நிற்காது, அவ்வளவே. அவன் முடிவு அவனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதிகள். விடுதலையை விரும்புவோர் முதலில் கையெழுத்திட வேண்டிய விண்ணப்பம் இது.

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்தேன். “உன் கேள்வி சரிதான்” என்றேன். “உன் அப்பா மேல் தவறு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தவறு அவரோடு முடிந்துவிடவில்லை.”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வீட்டுல எல்லாரும் அப்பாவைத்தான் திட்டுறாங்க, சார். அவரும் தன்னையேதான் திட்டிக்கிறாரு” என்றான்.

குற்றத்தின் முழுச் சுமையையும் கால் முறிந்தவர் ஒருவரே சுமக்கிறார். பங்காளிகள் எவரும் வீட்டு வாயிலுக்கு வரவில்லை. எங்கள் கரையிலே மீன்பாட்டைப் பங்கு பிரிக்கும்போது ஒரு நெத்திலிக்கும் கணக்கு உண்டு; ஆதாயத்தில் பங்கு கொண்டவன் நட்டத்திலும் பங்கு கொள்ள வேண்டும் என்பது படகேறும் பாமரனுக்குத் தெரிந்த நீதி. அந்த நீதி மதுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடக் கூடாது. அதை உள்ளே அழைத்துச் செல்வது இளைஞர்களாகிய நம் வேலை.